மணல் மூட்டைக்குக் கட்டிய சேலை

ஏறினால் இறங்க வேண்டும் என்ற நல்ல பழக்கம் அந்தக் கேளிக்கைப் பூங்காவில் ராட்சத ராட்டினத்துக்கு இருந்தது. டிக்கெட் விலைக்கு இல்லை.

முதலில் பள்ளி விடுமுறைக்காக என்று ஏற்றினார்கள். விடுமுறை முடிந்தது, பிள்ளைகள் பள்ளிக்குத் திரும்பினார்கள், விலை மட்டும் திரும்பவில்லை. அடுத்து மின்சாரக் கட்டணம் என்று ஏற்றினார்கள். அதற்கும் அடுத்து, விலை ஏறியதால் ஆட்கள் குறைந்துவிட்டார்கள் என்று ஏற்றினார்கள். வருகிற பத்துப் பேர் வராத தொண்ணூறு பேருக்கும் சேர்த்துக் கொடுத்தால்தானே கணக்கு நேராகும்? மேலாளர் இதைச் சொன்னபோது யாரும் சிரிக்கவில்லை. சம்பளம் வாங்குகிறவர்கள் அல்லவா. கடைசியில் ஒரு குடும்பம் ஒருநாள் உள்ளே வந்து போகிற செலவில், அதே குடும்பம் ஒரு மாதம் வீட்டில் உட்கார்ந்து வயிறாரச் சாப்பிடலாம் என்று ஆயிற்று. சனங்கள் சாப்பாட்டைத் தேர்ந்தெடுத்தார்கள். ரசனை கெட்ட சனங்கள் என்று மேலாளர் மனம் நொந்தார்.

அதன் பிறகு பூங்கா இருந்த இருப்பைச் சொன்னால் நம்பக் கஷ்டமாக இருக்கும். நம்பாவிட்டாலும் நடந்தது நடந்ததுதான். தண்ணீர்ச் சறுக்கில் தவளைகள் வரிசையாக நின்று, ஒன்றையொன்று தள்ளாமல், ஒழுங்காகச் சறுக்கின. மேடுபள்ள ரயிலின் தண்டவாளத்தில் ஒரு நாய் குட்டி போட்டது. குட்டிகள் கண் திறந்து, நடந்து, தங்கள் பிழைப்பைத் தேடிப் போகும் வரைக்கும் ரயிலை ஓட்ட வேண்டிய அவசியம் வரவில்லை. கண்ணாடி மண்டபத்தில் ஒருவர் நுழைந்தால் நாற்பது பேர் தெரிவார்கள் என்பதால் மேலாளர் தலை எண்ணுவதற்கு அங்கேதான் போவார். ஒருநாள் ஈ காக்கை இல்லாதபோதுகூட நாற்பது பேர் இருந்தார்கள்; எல்லோரும் மேலாளர் ஜாடையில் இருந்தார்கள். பேய்வீட்டில் பேய் உத்தியோகம் பார்த்தவருக்கு மனித முகம் பார்த்தே நாளாகிவிட்டதால், தப்பித்தவறி யாராவது இருட்டுக்குள் காலடி வைத்தால் அலறுவதை மறந்து, "வாங்க வாங்க, பார்த்து, அங்க ஒரு படி இருக்கு" என்று உபசரிக்க ஆரம்பித்துவிட்டார். அதைக் கேட்டுப் பயந்து ஓடினவர்கள்தான் அதிகம்.

ஆட்கள் ஏன் வருவதில்லை என்று கண்டுபிடிக்க மேலாளர் ஒரு கூட்டம் போட்டார்.

"வெயில் சார்," என்றார் வாசலில் டிக்கெட் கொடுப்பவர்.

"மழைன்னு நினைக்கிறேன்," என்றார் ரயில் ஓட்டுபவர்.

"என் இருமலா இருக்குமோ?" என்றார் பேய். "பேய்க்கு இருமல் வந்தா மதிப்பு போயிடுது."

டீ கொண்டுவந்த அக்கா தட்டை நீட்டியபடியே, "விலை கொஞ்சம்..." என்று இழுத்தாள்.

"விலைங்கிறது மரியாதைம்மா," என்றார் மேலாளர். "மரியாதையைக் குறைச்சுக்கிட்டா நாளைக்கு எவன் மதிப்பான்?"

எல்லோரும் மரியாதையாக டீயைக் குடித்தார்கள்.

கடைசி வரிசையில் வாயே திறக்காமல் உட்கார்ந்திருந்தவர் ராட்டினத்தை ஓட்டுபவர். அவரைப் பூங்காவில் எல்லோரும் சக்கரத்தார் என்பார்கள். அவருக்கு வேறு கவலை. ராட்டினத்தை இழுக்கிற பெல்ட் தேய்ந்து வழுவழுப்பாகிவிட்டது; புதுசு வாங்கிக் கொடுக்க நிர்வாகத்துக்கு மனம் வரவில்லை. இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் எடை சரியாக இருந்தால்தான் சக்கரம் சுற்றும். கொஞ்சம் முன்னே பின்னே போனால் பெல்ட் வழுக்கி, கனமான பக்கம் கீழே வந்து, கழுதை மாதிரி நின்றுவிடும். அதனால் ஆளைப் பார்த்து எடை போடுவது சக்கரத்தாருக்குக் கைவந்த கலையாகிவிட்டது. வாசலிலிருந்து ஒருவர் நடந்து வந்து சேர்வதற்குள் அவர் எடையைச் சொல்லிவிடுவார். சட்டைப்பையில் சாவிக்கொத்து இருந்தால் அதையும் சேர்த்துச் சொல்வார்.

கூட்டம் இருந்த காலத்தில் இது பெரிய வேலை இல்லை. இப்போது ஒரு புருஷனும் பெண்டாட்டியும் மட்டும் வந்தால், அவரை இந்தப் பெட்டியிலும் அவளை நேர் எதிர்ப் பெட்டியிலும் உட்கார வைக்க வேண்டியதாயிற்று. அவர் உச்சியில் இருக்கும்போது அவள் அடியில். "வீட்லயும் இதே ஏற்பாடுதான்," என்று ஒரு புருஷன் பெருமூச்சு விட்டார். ஒற்றை ஆள் வந்தால் எதிர்ப் பெட்டியில் மணல் மூட்டைகளை ஏற்ற வேண்டும். ஆளே வராவிட்டாலும் சக்கரத்தை ஓடவிட வேண்டும், சாலையிலிருந்து பார்க்கிறவர்களுக்குப் பூங்கா உயிரோடு இருக்கிறது என்று தெரிய வேண்டுமே. ஆக எல்லாப் பெட்டியிலும் மூட்டை.

ஒருநாள் மேலாளர் சாலையில் காரை நிறுத்தி ஏறிட்டுப் பார்த்தார். பார்த்தவர் நேரே ராட்டினத்துக்கு வந்தார்.

"என்னய்யா இது, அரிசிக் கிட்டங்கியா? சாக்கு மூட்டை மேல போகுது, கீழ வருது. பார்க்கிறவன் என்ன நினைப்பான்?"

"மணலுக்கு நம்ம பூங்கா பிடிச்சிருக்குன்னு நினைப்பான் சார்."

"அதுக்குச் சட்டை மாட்டிவிடு," என்றார் மேலாளர்.

சட்டை மாட்டினார்கள். ஆளுக்கொரு பழந்துணி வீட்டிலிருந்து கொண்டுவர வேண்டும் என்று உத்தரவு. பேய் தன் கல்யாணக் கோட்டையே கொடுத்தார். அந்த மூட்டைக்கு அன்றிலிருந்து மாப்பிள்ளை என்று பெயர். வாசலில் டிக்கெட் கொடுப்பவர், காலே இல்லாத மூட்டைக்கு முழுக்கால்சட்டை கொண்டுவந்தார். தொப்பி, கண்ணாடி, கைக்குட்டை என்று அலங்காரம் கூடியது. சாலையிலிருந்து பார்த்தால் ராட்டினம் நிறைந்து வழிந்தது. எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்கள், யாரும் கத்தவில்லை, யாரும் வாந்தி எடுக்கவில்லை. இவ்வளவு நாகரிகமான கூட்டத்தை சக்கரத்தார் தம் அனுபவத்தில் பார்த்ததில்லை.

"எல்லாம் ஆம்பளையாவே இருக்கே," என்றார் மேலாளர். "குடும்பமா வர்ற இடம்னு தெரிய வேண்டாமா? நாளைக்கு நீ ஒரு சேலை கொண்டா. வீட்ல ஏதும் சொல்லாதே. இது தொழில் ரகசியம்."

மறுநாள் காலை சக்கரத்தார் எழுந்தபோது அவர் மனைவி வேலைக்குப் போயிருந்தாள். அலமாரியைத் திறந்தார். மேல் தட்டில் அன்றாடம் கட்டுகிற சேலைகள் இருந்தன. அதைத் தொட்டால் சாயங்காலமே கேள்வி வரும். அடித்தட்டில், தாளில் சுற்றி, கத்திரிப்பூ நிறத்தில் ஒன்று இருந்தது. அவள் அதைக் கட்டி அவர் பார்த்ததே இல்லை. கட்டாத சேலை வேண்டாத சேலை என்று முடிவுகட்டி எடுத்துக்கொண்டு போய்விட்டார். ஆண்பிள்ளைகள் இப்படித்தான் யோசிப்பார்கள். அதில் ஒரு ஒழுங்கு இருக்கிறது, தப்பான ஒழுங்கு.

அந்தச் சேலை ஏன் தாளுக்குள் கிடந்தது என்பதை அவர் மறந்துபோனார் என்பதால் இங்கே சொல்லிவிடலாம். ராட்டினத்தில் வேலை கிடைத்த புதிதில், கல்யாணமான சூட்டில், அவரே வாங்கிக் கொடுத்தது அது. "இதைக் கட்டிக்கிட்டு வா. உன்னை ராட்டினத்துல ஏத்திவிடறேன். உச்சியில நிறுத்தறேன். ஊரே தெரியும்," என்று சொன்னார். அப்போது கூட்டம் அதிகம். கூட்டம் குறையட்டும் என்றார். பிறகு ஊழியர் குடும்பத்துக்கு வருஷத்துக்கு ஒருமுறை இலவசம் என்றார்கள். அந்த வருஷம் அவளுக்கு விடுப்புக் கிடைக்கவில்லை. அடுத்த வருஷம் இலவசம் போய்விட்டது. பாதி விலை என்றார்கள், அந்தப் பாதி சீக்கிரமே பழைய முழுசைவிடப் பெரிதாகிவிட்டது. அடுத்த மாசம், அடுத்த மாசம் என்று சொல்லிச் சொல்லி, ஒருநாள் சொல்வதும் நின்றுபோயிற்று. அவர் மறந்தார். அவள் தாளை மட்டும் அவ்வப்போது மாற்றிக்கொண்டிருந்தாள்.

சேலை கட்டிய மூட்டையை அவர் மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் உட்கார வைத்தார். பொருத்தம் பிரமாதம் என்று பேய் கண் கலங்கினார்.

சக்கரத்தாரின் மனைவி பஸ் கண்டக்டர். கண்டக்டரம்மா என்றால் அந்தத் தடத்தில் தெரியாதவர் இல்லை. சில்லறை இல்லாமல் ஏறினவர்கள் அடுத்த நிறுத்தம் வருமுன் எங்கிருந்தோ சில்லறையை வரவழைத்துவிடுவார்கள். அப்படி ஒரு பார்வை அவளுக்கு. அவளுடைய பஸ் பூங்கா வாசலைத் தொட்டுத்தான் போகும், வரும். "பூங்கா, பூங்கா" என்று அவள் கூவுவாள். யாரும் இறங்குவதில்லை. ஆனால் அந்த நிறுத்தம் வந்ததும் இடப்பக்கம் இருக்கிறவர்கள் எல்லாம் ஜன்னலில் ஒட்டிக்கொள்வார்கள், வலப்பக்கம் இருக்கிறவர்கள் எழுந்து வந்து அவர்கள் தோளில் ஒட்டிக்கொள்வார்கள். பிள்ளைகளைத் தூக்கிக் காட்டுவார்கள். பஸ்ஸே ஒரு பக்கம் சாயும். டிரைவர் அண்ணன் மனமிரங்கி வண்டியை மெதுவாக உருட்டுவார்.

அப்படிச் சாய்ந்திருந்த ஒரு பொழுதில்தான் அவளும் குனிந்து பார்த்தாள். உச்சிப் பெட்டியில் கத்திரிப்பூ நிறச் சேலை. பக்கத்தில் கோட்டுப் போட்ட ஒருவன்.

திரும்பி வரும் நடையில் பார்த்தாள். சேலைக்காரி இறங்கவில்லை. சாயங்கால நடையில் பார்த்தாள். அப்போதும் இறங்கவில்லை; கோட்டுக்காரன் மட்டும் அவள் பக்கம் சாய்ந்திருந்தான்.

அன்று இரவுச் சாப்பாட்டின்போது கண்டக்டரம்மா கேட்டாள்.

"இன்னிக்குப் பூங்காவுல கூட்டமா?"

"ம். நல்ல கூட்டம்."

"என் பஸ்ல ஒருத்தரும் இறங்கலையே?"

"எல்லாம் கார்ல வர்றாங்க."

"ராட்டினம் பூரா ஆளாத் தெரிஞ்சுது."

"ஆமா. இறங்கவே மாட்டேங்கறாங்க," என்றார் சக்கரத்தார். அது ஒன்றுதான் அவர் அன்று சொன்ன உண்மை.

"பொம்பளைங்களும் வர்றாங்களா?"

அவருக்குப் புரை ஏறியது. தொழில் ரகசியம் ஆயிற்றே. "வராம? குடும்பமா வர்ற இடம்."

"குடும்பமா," என்று சொல்லிவிட்டு அவள் எழுந்து போனாள். கொஞ்ச நேரம் கழித்து அவர் கை கழுவி வந்தபோது, அவள் திறந்த அலமாரிக்கு முன்னால் தரையில் உட்கார்ந்திருந்தாள். மடியில் வெறும் தாள். அதைத் தடவித் தடவி நேராக்கிக்கொண்டிருந்தாள். என்னவென்று கேட்க அவருக்கு வாய் வந்தது. கேட்டால் பதிலும் சொல்ல வேண்டியிருக்கும் என்பதால் அந்த வாயைக் கொட்டாவி விட உபயோகித்துக்கொண்டு படுத்துவிட்டார். தூக்கம் வரவில்லை. ஏதோ பெரிய தப்பு நடந்திருக்கிறது என்று மட்டும் தெரிந்தது; என்ன தப்பு என்று மூளை சொல்ல மறுத்தது.

மறுநாள் பத்து மணி வாக்கில் பூங்கா வாசலில் பஸ் நின்றது.

"அண்ணே, டயர்ல காத்துப் பாருங்க," என்றாள் கண்டக்டரம்மா.

"காத்து இருக்குதேம்மா."

"நல்லாப் பாருங்க. ரொம்ப நேரம் பாருங்க."

டிரைவர் அண்ணன் அவள் முகத்தைப் பார்த்தார். இறங்கிப் போய் டயருக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். பயணிகள் யாரும் முனகவில்லை. ராட்டினத்தை இவ்வளவு நேரம் ஓசியில் பார்க்க யாருக்குக் கிடைக்கும்?

வாசலில் டிக்கெட் கொடுப்பவர் காக்கிச் சட்டையையும் தோல்பையையும் பார்த்துக் குழம்பிப்போனார்.

"என் வீட்டுக்காரரைப் பார்க்கணும்."

"பார்க்கறதுக்கும் டிக்கெட்தாம்மா."

"எவ்வளவு?"

சொன்னார். சொல்லும்போது அவருக்கே வெட்கமாக இருந்தது, தலையைக் குனிந்துகொண்டார். அவள் ஜாக்கெட்டுக்குள்ளிருந்து சின்னப் பையை எடுத்து, பல நாள் சேர்த்த நோட்டுகளை அப்படியே வைத்தாள். ஊருக்கெல்லாம் டிக்கெட் கிழித்தவள் அன்றுதான் முதல்முறையாகத் தனக்கு ஒன்று வாங்கினாள். அவர் டிக்கெட்டைக் கோணலாகக் கிழித்தார். பழக்கம் விட்டுப்போயிருந்தது.

தூரத்தில் காக்கி நிறம் தெரிந்ததுமே சக்கரத்தார் விசையிலிருந்து கையை எடுத்துவிட்டார். சக்கரம் தானாக ஓய்ந்து நின்றது.

"யாருங்க அவ?" என்றாள் கண்டக்டரம்மா.

"எவ?"

"என் சேலையைக் கட்டிக்கிட்டு நாள் பூரா மேலயே இருக்காளே, அவ."

"அவ... மூட்டைம்மா."

"குண்டா இருந்தா என்னங்க, அவளுக்கும் ஒரு பேர் இருக்கும்ல? சொல்லுங்க."

இனி தொழில் ரகசியத்தைக் காப்பாற்றினால் தொழில்தான் மிஞ்சும் என்று அவருக்குப் பட்டது. விசையைத் தள்ளினார். மாப்பிள்ளையும் பொண்ணும் மெதுவாக இறங்கி வந்து அவள் முன்னால் நின்றார்கள். பொண்ணின் தலையில் தேங்காய்நாரில் முடித்த கூந்தல். கழுத்து இல்லை. சாக்கின் தையல் பிரிந்து, மடிப்பில் கொஞ்சம் மணல் கொட்டியிருந்தது.

அவள் சண்டைக்குத் தயாராக வந்தவள். வாய் நிறைய வார்த்தை வைத்திருந்தாள். அத்தனையும் எங்கே போயிற்றோ, பெட்டியின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள். பேயும் டீ அக்காவும் ஒரு தூணுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, ஒளிந்திருப்பது எல்லோருக்கும் தெரியும்படி நின்றார்கள்.

"ஒரு பொம்பளைக்குக் கொடுத்திருந்தாக்கூட, ஏதோ ஆசை, புத்தி கெட்டுப்போச்சுன்னு விட்டிருப்பேன்," என்றாள் கடைசியில். குரல் ஏறவே இல்லை. "மணலுக்குக் கொடுத்திருக்கீங்களே."

"பழசுன்னு நினைச்சேன்மா. நீ கட்டறதே இல்லையா..."

"எங்க கட்டறது? இதைக் கட்டிக்கிட்டு வா, உச்சியில நிறுத்தறேன்னு சொன்னது யாரு?"

சக்கரத்தாருக்கு அப்போதுதான் எல்லாம் ஞாபகம் வந்தது. மெதுவாக வரவில்லை, மாடியிலிருந்து போட்ட பாத்திரம் மாதிரி வந்தது. கடை, விளக்கு வெளிச்சம், சேலையைத் தோளில் வைத்துப் பார்த்து அவள் சிரித்தது, தான் அளந்த அளப்பு. அவர் ஏதோ சொல்ல வாயெடுத்த நேரம் பார்த்து மேலாளர் ஓடி வந்தார். டிக்கெட் விற்ற செய்தி அவருக்கு எட்டிவிட்டது.

"வாங்கம்மா, வாங்க! உங்களை மாதிரி வாடிக்கையாளர்தான் எங்களுக்குக் கண்ணு. ஒரே ஒரு கேள்வி. சனங்க ஏன் வர்றதில்லைன்னு நினைக்கிறீங்க?"

"வராம என்ன, தினம் வர்றாங்க," என்றாள் அவள் திரும்பாமலே. "பஸ்ல உக்காந்து பார்த்துட்டுப் போயிடறாங்க."

மேலாளர் வேலிக்கு அப்பால் பார்த்தார். பஸ் ஜன்னல் நிறைய முகங்கள். அவர் கண்ணில் ஒரு ஒளி வந்தது. "அப்போ பார்க்கறதுக்கு ஒரு கட்டணம் போட்டா?"

தூணுக்குப் பின்னாலிருந்து பேய் வெளியே வந்து அவர் தோளில் கை போட்டார். "சார், ஒரு நிமிஷம் இப்படி வாங்க. பார்த்து, ஒரு படி இருக்கு," என்று இருட்டுக்குள் கூட்டிக்கொண்டு போனார். உள்ளேயிருந்து வந்த அலறலை வைத்துப் பார்த்தால் பேய்க்குத் தொழில் மறக்கவில்லை.

கண்டக்டரம்மா மூட்டையிலிருந்து சேலையை அவிழ்த்தாள். சுற்றுச் சுற்றாக அவிழ்த்து, ஓங்கி உதறினாள். மணல் சக்கரத்தாரின் முகத்தில் விழுந்தது; அவர் துடைத்துக்கொள்ளவில்லை, வாங்கிக்கொண்டார். காக்கிச் சட்டையின் மேலேயே சேலையைக் கட்டினாள். தோல்பையைக் கழற்றி அவர் கையில் கொடுத்தாள்.

"காசு கொடுத்திருக்கேன். ஏத்துங்க."

அவர் அந்தப் பெட்டியிலிருந்த மூட்டைகளை இறக்கி, உட்காரும் இடத்தைத் தம் துண்டால் துடைத்தார். அவள் ஏறி உட்கார்ந்தாள். கம்பியைப் போட்டார். பிறகு எதிர்ப் பெட்டியில் அவள் எடைக்கு மூட்டை அடுக்கினார். அவளை எடைபோட அவர் தலை நிமிரக்கூட இல்லை. கண்டவர் எடையெல்லாம் தெரிந்தவனுக்குக் கட்டினவள் எடையா தெரியாது? கல்யாணத்தன்று வாசற்படியில் தூக்கிக்கொண்டு போய் இடுப்புப் பிடித்துக்கொண்ட எடை அல்லவா?

விசையைத் தள்ளினார். சக்கரம் நல்லபடியாகத்தான் கிளம்பியது. அவள் பெட்டி ஏறி, ஏறி, உச்சிக்குப் போயிற்று. அங்கேயே நின்றுவிட்டது. பெல்ட் வழுக்கி ஒரு கருகல் வாசனை வந்தது.

சக்கரத்தார் விசையைப் பார்த்தார். பிரேக்கைப் பார்த்தார். பெல்ட்டில் மெழுகு தேய்த்தார். அசையவில்லை. எதிர்ப் பெட்டி அடியில் வந்து அழுத்தமாக உட்கார்ந்திருந்தது. மூட்டைகளை எண்ணினார், கணக்கு சரி. மறுபடி எண்ணினார். அப்புறம் எண்ணுவதை நிறுத்திவிட்டு, பெட்டியின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். மணல் பொய் சொல்லாது. தப்பு இந்தப் பக்கம் இல்லை.

"என்னங்க!" மேலேயிருந்து குரல் வந்தது. "நின்னுடுச்சா?"

"எடை சரியில்லம்மா!"

"யாரு எடை?"

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லி உயிரோடு இருந்த புருஷன்மார் குறைவு. சக்கரத்தார் இரண்டு கையையும் வாயருகே குவித்தார். "உன் எடை!"

பூங்கா முழுக்கக் கேட்டது. தவளைகள் சறுக்குவதை நிறுத்தின. பஸ் இன்னும் கொஞ்சம் சாய்ந்தது.

"அவ்வளவு கனமாவா இருக்கேன்?"

"கனமில்லம்மா! நீ... பாதியாக் குறைஞ்சு போயிருக்கே!"

பாதி என்பது அவர் வழக்கமாகச் சேர்க்கிற மசாலா. ஆனால் குறைந்தது உண்மை, அதில் மசாலா இல்லை. வழியில் போகிறவன் சாவிக்கொத்தைக்கூட எடைபோட்ட கண், ஒரே வீட்டில், எதிரெதிரே சாப்பிட்டவளைப் பார்க்காமல் இருந்திருக்கிறது.

மேலே சேலைத் தலைப்பு காற்றில் படபடத்தது.

"எப்போம்மா இப்படி இளைச்சே?" என்று கத்தினார்.

"காய்ச்சல்ல படுத்தேனே, அப்போ!"

"அதுக்கப்புறம் ஏறலையா?"

"உடம்பு என்ன உங்க டிக்கெட் விலையா, சும்மா சும்மா ஏற?"

பஸ் சிரித்தது. டீ அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சக்கரத்தாருக்கும் சிரிப்பு வந்தது. அதோடு கண்ணீரும் வந்ததால் எதைத் துடைப்பது என்று தெரியாமல் இரண்டையும் விட்டுவிட்டார்.

"பயப்படாதே! ஒவ்வொரு மூட்டையா எடுக்கறேன். தானா இறங்கிடும்!"

அடிப்பெட்டியிலிருந்து ஒரு மூட்டையைத் தூக்கினார். சக்கரம் ஒரு முழம் அசைந்தது.

"ஏங்க! இறக்கறீங்களா?"

"ஆமாம்மா!"

"யாரு கேட்டா?"

மூட்டையைத் திரும்ப வைத்தார். சக்கரம் பழையபடி அவளை உச்சியில் கொண்டுபோய் வைத்தது.

"இந்தாங்க, என் பஸ் கூரைமேல ஒத்தச் செருப்பு கிடக்குது!"

"யாருதும்மா?"

"யாருக்குத் தெரியும்? இருங்க, நம்ம வீடு தெரியுது. தண்ணித் தொட்டி, மாடி, கொடியில துணி... உங்க நீலச் சட்டை பறக்குதுங்க! ஒரு கிளிப்புதான் போட்டீங்களா?"

"ஒண்ணுதான் போட்டேன்!"

"எத்தனை தடவை சொல்றது, ரெண்டு போடுங்கன்னு? இப்போ விழுந்திடும்... இல்ல, விழல... சுத்திக்கிச்சு."

"வேற என்ன தெரியுது?"

அவள் சொல்லிக்கொண்டே போனாள். தினம் போகிற சாலை ஒரு நாடா மாதிரி கிடக்கிறதாம். எதிரில் வருகிற இன்னொரு பஸ் தீப்பெட்டி மாதிரி ஊர்கிறதாம். அதன் கண்டக்டர் படியில் தொங்கிக்கொண்டு வருகிறானாம், நாளைக்குக் கேட்கிறாளாம். ஊருக்குப் பின்னால் ஒரு ஏரி இருக்கிறதாம். "ஏரி இருக்குன்னு நீங்க சொல்லவே இல்லையே!" என்றாள். அவருக்கே தெரியாது. ஓட்டுகிறவன் கீழேயே நிற்க வேண்டும். அவர் ஒருநாளும் மேலே போனதில்லை.

"நீல நிறமா?" என்று கேட்டார்.

"இல்ல. பளபளன்னு, தகரம் மாதிரி. ஓரத்துல ஒரு மாடு நிக்குது."

டிரைவர் அண்ணன் இலேசாக ஹாரன் அடித்தார். அவசரப்படுத்துகிற ஹாரன் இல்லை. டயரில் காற்று இருக்கிறது என்று தெரிவிக்கிற ஹாரன்.

சக்கரத்தார் மறுபடி மூட்டையைத் தூக்கினார். தூக்கி, குழந்தையை வைப்பது போல இடுப்பில் வைத்துக்கொண்டார்.

"இப்போ?"

"இருங்க, இன்னும் கொஞ்ச நேரம்."

மூட்டை போன இடத்தில் ஒரு காலைத் தூக்கி வைத்து அழுத்திக்கொண்டார். சக்கரம் அசையவில்லை. ஒற்றைக்காலில், இடுப்பில் மணலோடு, கழுத்தை வளைத்து மேலே பார்த்தார். தூரம் அதிகம், வெயில் வேறு கண்ணில் அடித்தது. இருந்தாலும் கைகள், தோள், காற்றில் ஒதுங்குகிற தலைமயிர் என்று ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"என்ன அப்படிப் பார்க்கறீங்க?"

"சும்மாதான்."

"மூட்டையைக் கீழ வைங்க. இடுப்பு பிடிச்சுக்கப் போகுது."

"பரவாயில்லம்மா. நீ ஏரியைப் பாரு."